பென்னிகுவிக்கின் அணையும் நிலமற்றோரின் தாகமும்

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் அம்பரப்பர் மலை கண்ணை நிறைக்கிறது. அம்மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, இந்த மலை யாருடையது, இதனால் வரும் பயன் யாருக்குப் போய்ச் சேரும் என்ற கேள்விகள் அடிவாரத்து ஊர்களில் எழுந்தன. சற்று வடக்கே, போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் இக்கேள்வி நாள்தோறும் ஜீப்பில் பயணம் செய்கிறது. விடியும் முன்பே ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படும் கூலிப்பெண்களில் பெரும்பாலோருக்கு மலையிலும் நிலமில்லை; சமவெளியிலும் நிலமில்லை. அவர்கள் பறிக்கும் ஏலக்காய் போடியின் ஏல மையத்தில் விலைபோகிறது. கூலி மட்டும் அவர்களோடு வீடு திரும்புகிறது.

இம்மலைத்தொடரின் செல்வம் யாருக்கு என்பதைக் கல்லிலும் காரையிலும் ஒப்பந்தத் தாளிலும் உறுதியாக எழுதிவைத்த நிகழ்வு முல்லைப் பெரியாறு அணை. அதைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கின் படம் இன்று தேனி மாவட்டத்தில் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் மாட்டப்பட்டிருக்கிறது. அவரது பிறந்தநாளில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். அந்த நன்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு மனிதரின் வாழ்க்கையை முழுமையாகச் சொல்வதென்றால், அவரோடு உழைத்தவர்களையும், அவர் கொண்டுவந்த நீர் எவருடைய வயலின் வரப்போடு நின்றுபோனது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

படைவீட்டுப் பிள்ளை

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர். எட்டு வயது நிறைவதற்கு இரண்டு நாள் முன்பு, 1849 ஜனவரி 13 அன்று, பஞ்சாபில் நடந்த சில்லியன்வாலா போரில் தந்தையும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டனர். பேரரசை விரிவாக்கும் போர் அச்சிறுவனின் வீட்டிலிருந்து இரண்டு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே பேரரசே அவருக்குக் கல்வியையும் வேலையையும் கொடுத்தது. இங்கிலாந்தில் செல்டனாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆடிஸ்கோம்ப் படைப் பயிலகத்திலும் படித்து, 1860இல் சென்னை மாகாணப் பொறியாளர் படையின் அதிகாரியாக இந்தியா திரும்பினார். 1868இல் அபிசீனியப் படையெடுப்பிலும் பங்கேற்றார். பின்னர் பொதுப்பணித் துறைக்கு வந்து, தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை நீர்ப்பாசனத்துக்குச் செலவிட்டார்.

மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை இதற்காக ஆட்களை மலைக்கு அனுப்பிப் பார்த்தார். பணமின்றித் திட்டம் நின்றது. 1808இல் ஆய்வு செய்த ஆங்கிலேய அதிகாரி கால்டுவெல் இது நடவாத காரியம் என்று ஒதுக்கினார். 1850இல் சிறியதொரு முயற்சி தொடங்கிக் கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்ட காரணத்தை நம் வாசகர்கள் மனத்தில் இருத்தவேண்டும். நோய் பரவிய காட்டில் வேலைசெய்ய உயர்ந்த கூலி வேண்டுமென்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அரசு அதைத் தர மறுத்து வேலையை நிறுத்தியது. அணையின் வரலாற்றில் தொழிலாளர்கள் தம் குரலோடு தோன்றும் அரிய இடங்களுள் இது ஒன்று.

பஞ்சம் திறந்த கோப்பு

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியாலும் தொற்றுநோயாலும் மடிந்தனர். பஞ்சத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் சாவதில்லை. முதலில் சாய்ந்தவர்கள் சேமிப்பில்லாத பண்ணையாட்களும் நிலமற்ற கூலிகளும்தான். அவர்களில் பெரும்பகுதியினர் தீண்டப்படாதோராக ஒதுக்கப்பட்ட மக்கள். ஊர்க்கிணற்றில் நீரெடுக்கும் உரிமைகூட இல்லாதவர்களுக்கு வறட்சி இரட்டைத் தண்டனையாயிற்று. உயிரைக் காக்க இலங்கைக்கும் பிற குடியேற்ற நாடுகளுக்கும் கப்பலேறியவர்களும் அவர்களே.

பஞ்சத்துக்குப் பின் பெரியாற்றுத் திட்டம் மீண்டும் மேசைக்கு வந்தது. 1870களிலேயே இதில் ஈடுபட்டிருந்த பென்னிகுவிக்கிடம் 1882இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. மலைமேல் பெரியாற்றைத் தடுத்துத் தேக்குவது, நீர்பிரி மேட்டைக் குடைந்து ஒரு மைலுக்கும் சற்று நீண்ட சுரங்கவழி அமைப்பது, அதன் வழியே நீரைக் கம்பம் பள்ளத்தாக்கில் இறக்கி வைகையில் சேர்ப்பது என்பதே அவரது வரைவு. மேற்குக் கடலுக்குப் போகும் நீர் கிழக்கே இருக்கும் வறண்ட நிலத்துக்கு வரும். பொறியியல் நோக்கில் அது அக்காலத்து உலகின் துணிச்சலான திட்டங்களுள் ஒன்று.

எனினும் அரசு இதைத் தர்ம காரியமாகத் தொடங்கவில்லை. பாய்ச்சலுக்கு வரும் நிலத்தின் தீர்வை உயரும், நீர்வரி கிடைக்கும், போட்ட முதல் திரும்பும் என்ற கணக்கு போடப்பட்டது. நீர் யாருக்குப் போகவேண்டும் என்பதை அந்தக் கணக்கே தீர்மானித்தது. வரி கட்டும் பட்டாதாரர் கணக்கில் வந்தார். பட்டா இல்லாதவர் கணக்கிலேயே வரவில்லை.

யார் நிலத்தை யார் கொடுத்தார்

அணை அமையவேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் திவான் இராம ஐயங்காரும் பிரிட்டிஷ் தரப்பில் ரெசிடென்ட் ஹானிங்டனும் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். நீர் தேங்கும் 8000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய் வாடகை. காலம் 999 ஆண்டுகள்.

அந்தக் காட்டில் மன்னான், பளியர் முதலிய பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தனர். தேனும் கிழங்கும் மீனும் அவர்களுக்கு அந்த மலை கொடுத்த வாழ்வு. ஒப்பந்தத்தின் இரு தரப்பிலும் அவர்களுக்கு இடமில்லை. அரண்மனை கொடுத்தது, பேரரசு பெற்றது. இன்று குமுளியருகே மன்னாக்குடியிலும் பளியக்குடியிலும் வாழும் அம்மக்கள், தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் வேடிக்கைப் பொருளாகவும் ஆக்கப்பட்டிருக்கிறார்கள்.

நிலத்தடியில் எண்ணெய் கிடைத்த நாடுகளிலும் கதை இவ்வாறே தொடங்குகிறது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் 1956இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. 1969இல் எண்ணெய் முழுவதும் மைய அரசின் உடைமையென்று இராணுவ ஆட்சி ஆணையிட்டது. எண்ணெய்க் கிணறுகளைச் சுமந்த ஒகோனி மக்களுக்குக் கிடைத்தவை மாசுபட்ட ஓடைகளும் விளையாத வயல்களும். பங்கு கேட்டுப் போராடிய எழுத்தாளர் கென் சரோ-விவாவும் எட்டுத் தோழர்களும் 1995 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டனர். எண்ணெயோ நீரோ ஏலமோ, வளம் எதுவாயினும், உடைமையைத் தீர்மானிக்கும் அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தே பயன் பிரிகிறது.

எட்டு ஆண்டுகள்

1887இல் வேலை தொடங்கியது. பெரியாற்றின் வெள்ளம் தற்காலிகத் தடுப்பணைகளை மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. யானைகளும் புலிகளும் திரிந்த காட்டில் சாலையில்லை, ஊரில்லை, மருத்துவமில்லை. மலேரியா கடுமையாகும் மாதங்களில் வேலையை நிறுத்திவைக்க நேர்ந்தது. அடிவாரத்திலிருந்து சுண்ணாம்பும் தளவாடங்களும் மாட்டுவண்டியிலும் கம்பிவழியிலும் படகிலுமாக மலையேறின. ஒவ்வொரு பருவத்திலும் அழிவைக் கண்டு, அடுத்த பருவத்தில் மீண்டும் தொடங்கிய பென்னிகுவிக்கின் விடாப்பிடி மறுக்கமுடியாதது. அவர் இல்லாமல் இத்திட்டம் அக்காலத்தில் முடிந்திருக்காது என்று கூறுவது மிகையன்று.

அரசு பணம் தர மறுத்ததால் அவர் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டினார் என்ற கதை தேனி, மதுரைப் பகுதிகளில் பரவலாகச் சொல்லப்படுகிறது. இது மக்கள் அன்பில் விளைந்த கதையே ஒழிய, ஆவணச் சான்றுள்ள செய்தி அன்று. அணை அரசு நிதியில் கட்டப்பட்டது. இதைச் சொல்வதால் அவருடைய உழைப்பு சிறுத்துவிடாது. ஆனால் இக்கதை ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறது. தியாகம் முழுவதையும் ஒரு துரையின் கணக்கில் எழுதிவிட்டு, உண்மையிலேயே உயிரைக் கொடுத்தவர்களை மறக்கச் செய்கிறது.

அணைப் பணியின்போது நோயால் 483 பேர் இறந்து, அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டனர் என்பது பதிவாகியுள்ளது. நோயைச் சுமந்து வீடு திரும்பி அங்கே இறந்தவர்களை எந்தக் கணக்கும் பிடிக்காது. கல்லுடைத்தவர்கள், சுண்ணாம்பு சுமந்தவர்கள், சுர்க்கி இடித்தவர்கள், சேற்றில் நின்று மண் அள்ளியவர்கள் ஆகியோர் பெரும்பாலும் சமவெளியின் ஏழைகள். கொச்சியிலிருந்து வந்த தச்சர்களும் சென்னை பயோனியர் படையின் இரண்டு பிரிவுகளும் அவர்களோடு உழைத்தனர். சென்னை மாகாணத்தின் சப்பர்ஸ், பயோனியர் படைகளில் பறையர் சமூகத்தவர் கணிசமாகச் சேர்க்கப்பட்டிருந்தனர் என்பது படை வரலாறு அறிந்த செய்தி. சேரியின் பிள்ளைகள் பேரரசுக்காகப் போர்க்களத்தில் மட்டுமல்ல, இம்மலையிலும் நின்றார்கள். நாம் கலந்துகொண்ட எந்த விழா மேடையிலும் அவர்களுள் ஒருவரின் பெயரையும் கேட்டதில்லை.

அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும் சுமார் 1200 அடி நீளமும் கொண்ட அணை எழுந்தது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அதைத் திறந்துவைத்தார். பெரியாற்று நீர் கிழக்கே திரும்பியது.

நீர் வந்தது, நிலம் வரவில்லை

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று. இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களில் இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் இந்த அணையை நம்பியிருக்கிறது. பலகோடி மக்களின் பசியையும் தாகத்தையும் இந்நீர் இந்த நூற்றாண்டுகளில் தணித்திருக்கிறது. கூலி வேலை நாள்களும் கூடின. நடவும் களையெடுப்பும் அறுப்பும் ஆண்டுக்கு இருமுறை ஆயின. நிலமற்றோருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று சொல்வது நேர்மையாகாது.

ஆனால் கூலி வேறு, உடைமை வேறு. பாசனம் வந்த நாளில் தரிசின் விலை ஏறியது. ஏறிய விலை பட்டாதாரருக்குச் சேர்ந்தது. இரண்டாம் போகத்தின் விளைச்சல் அவருடைய களத்தில் குவிந்தது. சேரிக்கு நாள்கூலி வந்தது. தலைமுறைகள் கடந்தபோது ஒரு வீட்டில் நெல் வீடாகவும் கல்வியாகவும் மேலும் நிலமாகவும் மாறியது. மற்றொரு வீட்டில் கூலி அன்றன்றைக்கே உலையில் கரைந்தது. நீர் சமமாகப் பாய்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது பட்டாவின் வழியேதான் பாய்கிறது.

அதே ஆண்டுகளில் சென்னைக் கோட்டையில் மற்றொரு கோப்பு நகர்ந்துகொண்டிருந்தது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி விரிவான அறிக்கை அளித்தார். நிலமின்மையே அவர்களது அடிமைத்தனத்தின் வேர் என்று காட்டினார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு நிலத்தை ஒப்படைக்கும் ஆணை பிறந்தது. நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பது அதைத்தான். மாகாணம் முழுவதும் சுமார் 12 இலட்சம் ஏக்கர் அவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அதில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. மீட்கப் போராடியபோது 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் துப்பாக்கிக்கு இரையானார்கள்.

ஒரே அரசு, ஒரே பத்தாண்டு, இரண்டு கோப்புகள். ஒன்றில் நீர் இருந்தது, நிலமற்றவர்கள் இல்லை. மற்றொன்றில் நிலமற்றவர்கள் இருந்தார்கள், நீர் இல்லை. இவ்விரண்டும் ஒரே மேசையில் சந்தித்திருந்தால், புதிதாகப் பாசனம் பெற்ற பரப்பில் ஒரு பங்கு அணைக்குக் கல் சுமந்தவர்களின் பெயரில் பட்டாவாகியிருந்தால், வைகைப் பாசனத்தின் சமூக வரலாறு வேறாக இருந்திருக்கும். அவ்வாறு இணைப்பது பென்னிகுவிக்கின் அதிகாரத்தில் இல்லை. அவரிடம் கேட்கப்பட்டது நீர் எவ்வாறு வரும் என்பதே. நீர் யாருக்கு என்பதைக் கேட்க வேண்டிய அரசு அதைக் கேட்கவே இல்லை.

இறுதி ஆண்டுகளும் தொடரும் குத்தகையும்

பென்னிகுவிக் 1896இல் இங்கிலாந்து திரும்பி, இந்தியாவுக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராக 1899 வரை பணியாற்றினார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க ஆலோசனை கூறவும் அழைக்கப்பட்டார். 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார். 2013 ஜனவரியில் லோயர் கேம்ப்பில் அவருக்குத் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் திறந்தது. 2022இல் கேம்பர்லியிலும் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது. ஓர் ஊர் தனக்குத் தண்ணீர் தந்தவரை நூறாண்டுக்குப் பிறகும் கடல்கடந்து தேடிச் சென்று வணங்குவது பெருமைக்குரியதே.

அவர் மறைந்த பின்னும் குத்தகை வாழ்ந்தது. 1950களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் அதே நீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் உருவானது. 1970இல் இரு மாநிலங்களும் ஒப்பந்தத்தைத் திருத்தின. வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. மின்சாரத்துக்குக் கேரளத்துக்குத் தனிக் கட்டணம். மீன்பிடி உரிமையும் கேரளத்துக்கு. அணையின் பாதுகாப்பும் நீர்மட்டமும் வழக்காயின. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்ற நிலையை உறுதிசெய்தது.

இவை அனைத்தும் இரண்டு அரசுகளின் உரிமைக் கணக்கு. அக்கணக்கு முறுகியபோது விலை கொடுத்தவர்கள் யார்? 2011 டிசம்பரில் எல்லை கொந்தளித்தபோது, இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழிகளில் ஜீப்புகள் நின்றன. வேலையும் கூலியும் நின்றன. அவர்களில் பெரும்பாலோர் இந்த அணையின் நீர் பாயும் ஒரு சென்ட் நிலமும் இல்லாத தலித் குடும்பங்களின் பெண்கள். தமக்குச் சொந்தமில்லாத நீருக்காக அவர்கள் அடிபட்டார்கள். கேரளத்தின் அணை அச்சத்தையும் தமிழ்நாட்டின் பாசன உரிமையையும் பேசிய மேடைகளில், இப்பெண்களின் பங்கைப் பேசிய குரல்கள் அரிதாகவே ஒலித்தன.

நன்றி யாருக்குக் கடன்

பென்னிகுவிக்கின் சிலையை அகற்றச் சொல்வது நம் நோக்கமன்று. அவர் நல்ல பொறியாளர், பேரரசின் ஊழியர், தமக்கிட்ட பணியைத் தளராமல் முடித்தவர். அவரைக் கடவுளாக்கும்போது அவர் கட்டிய அணை ஒருவர் கொடுத்த வரமாகிவிடுகிறது. வரத்தில் பங்கு கேட்க முடியாது. வணங்க மட்டுமே முடியும். அது பலருடைய உழைப்பின் விளைவு என்று கண்டால்தான் பங்கு என்ற சொல்லுக்கு இடம் வரும். 1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகியபோது தம் மக்களுக்கு நிலைநாட்டியது தயவை அன்று, உரிமையை. பிற்காலத்தில் அரசப் பிரதிநிதியின் நிர்வாகக் குழுவில் பாசனமும் மின்சாரமும் தம் பொறுப்பில் இருந்தபோது, தாமோதர், மகாநதி ஆற்றுத் திட்டங்களுக்கு அவர் வழிவகுத்தார். நீரைத் தொடும் உரிமைக்குப் போராடியவரே நீரைப் பங்கிடும் திட்டத்தையும் வகுத்தார் என்பது நாம் கற்கவேண்டிய பாடம்.

எனவே நாம் கேட்பவை தெளிவானவை. அணையில் உயிர்நீத்த 483 பேருக்கும் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் இடம் வேண்டும். கிடைக்கும் பெயர்களைத் தேடிப் பொறிக்கவேண்டும். தமிழ்நாட்டின் 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டம் நில உடைமையாளர்களையே நீர்ப்பயன்படுத்துவோர் சங்கங்களின் உறுப்பினர்களாகக் கொள்கிறது. வயலில் உழைக்கும் நிலமற்றோருக்கும் அங்கே வாக்கு வேண்டும். ஐந்து மாவட்டங்களின் பாசனப் பரப்பில் உள்ள பஞ்சமி நிலங்களைக் கணக்கெடுத்து உரியவர்களுக்கு மீட்டளிக்கவேண்டும். இந்நீரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தின் வருவாயில் ஒரு பங்கு இப்பள்ளத்தாக்கின் நிலமற்ற குடும்பங்களுக்கு நிலம் வாங்கச் செலவாகவேண்டும்.

லோயர் கேம்ப்பிலிருந்து புறப்படும் 18ஆம் கால்வாய் தேவாரத்தைத் தாண்டிப் போடிப் பகுதிவரை பெரியாற்று நீரைக் கொண்டுவருகிறது. அக்கால்வாயின் கரைவழியே ஏலத்தோட்ட ஜீப்புக்காக நடக்கும் பெண்ணின் பாட்டனோ முப்பாட்டனோ அணைக்குச் சுண்ணாம்பு சுமந்திருக்கலாம். அவளுக்கு அந்நீரில் என்ன பங்கு என்பதற்கு விடை சொல்லிவிட்டால், பொட்டிபுரத்து மலை யாருடையது என்ற கேள்விக்கும் பாதி விடை சொன்னவர்கள் ஆவோம்.